கொத்தனாரைக் குறை கூறுமுன்

திருவரங்கத்து உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ ஒரு பழைய வீடு இடிபடும்போதெல்லாம் நம்மவர்கள் இருவரைக் குறை கூறுவது வழக்கம். ஒருவர் பொறியாளர், மற்றவர் கொத்தனார். சிமெண்டும் கம்பியும் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தெரியாது என்பது குற்றச்சாட்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பொருள் கொடுத்துக் கட்டச் சொல்பவர் கேளாத ஒன்றை அவர்கள் எங்ஙனம் கட்டித் தருவர்? சூழலுக்கு இசைந்த வீடுகள் நம் ஊரில் பெருகாமைக்குக் கேட்போர் இன்மையே முதற்காரணம் என்பது நமது துணிபு.

அவ்வீதிகளின் பழைய வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நீண்டு கிடப்பவை. பக்கச் சுவர்களில் வெயில் படாது. திண்ணையும் ரேழியும் தெருவின் அனலைத் தடுக்க, முற்றம் வெப்பக் காற்றை மேலேற்றி வெளிச்சத்தை உள்ளே விடும். மரச் சட்டங்களின்மேல் சிறு செங்கற்களை அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் வெயிலை எளிதில் கீழிறக்காது. இன்று அதே மனையில் எழும் அடுக்ககத்தின் கான்கிரீட் தளமோ பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் அறைக்குள் உமிழ்கிறது. பிறகு குளிரூட்டி வாங்குகிறோம்; மின்கட்டணத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம்.

இழப்பு மின்கட்டணத்தோடு முடிவதன்று. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியால் வருவது. அது தொலைவான கணக்கு என்போருக்குக் கொள்ளிடத்தைக் காட்டலாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டிருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதத்தில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் உடைந்தன. பாலமும் அணையும் பழமையானவை என்பது உண்மை. ஆயினும் ஆற்றில் அளவின்றி மணல் அள்ளியதையும் ஒரு காரணமாகப் பலர் சுட்டினர். அந்த மணல் எங்கே போயிற்று? இரண்டு ஆறுகளுக்கு நடுவே வாழும் நாம் எழுப்பிய சுவர்களிலும் அதன் ஒரு பங்கு இருக்கிறது.

மாற்று வழி காட்டியவர் எவர் என்றால் லாரி பேக்கர் பெயரைச் சொல்வோம். செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'எலிப்பொறி' முறையை அவர் கேரளத்தில் பரப்பினார். அம்முறையில் செங்கல் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சம். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். ஆனால் பேக்கரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு பெயரை நாம் மறந்துவிடுகிறோம். திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தை 1971-இல் தொடங்கிய பொருளியல் அறிஞர் கே. என். ராஜ், அதன் வளாகத்தைக் கட்டும் பொறுப்பைப் பேக்கரிடம் ஒப்படைத்தார். பூச்சற்ற செங்கற் சுவர்களை ஓர் ஆய்வு நிறுவனத்துக்குப் போதுமானவை என ஏற்கும் துணிவு அவரிடம் இருந்தது. அந்த வளாகத்தைக் கண்ட பின்னரே மற்றவர்க்கும் கேட்கத் துணிவு வந்தது. திருச்சிராப்பள்ளிக்கு இன்று தேவை ஒரு பேக்கரைவிட ஒரு ராஜ்.

சட்டம் இட்டால் போதாதா எனலாம். 2003-இல் தமிழக அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது; நற்பயனும் விளைந்தது. ஆனால் அனுமதிக்காகக் குழாய் பதித்து, பின்னர் தொட்டியை ஒருமுறையும் தூர்வாராதோர் எத்தனை பேர்! விருப்பமின்றிச் செய்தது நிலைப்பதில்லை.

பூசாத சுவரைப் பார்த்துப் 'பணம் முடிந்துவிட்டதா?' என்று உறவினர் கேட்பர். வங்கி மதிப்பீட்டாளர் தயங்குவார். வீடு கட்டுவது வாழ்வில் ஒருமுறை, அதில் சோதனை எதற்கு என்று மனம் அஞ்சும். இவ்வச்சங்களை எள்ளி நகையாடுதல் தகாது. இவற்றுக்கு விடை, கண்ணால் காணும் சான்று. அச்சான்று நம் ஊர்க் கோயிலிலேயே உண்டு. அரங்கநாதர் கோயில் திருப்பணியில் பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்து பயன்பட்டது. மழைநீர் வடிகால்கள் மீட்கப்பட்டன. 2017-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. வேண்டுமென்று கேட்டவர் இருந்தனர். செய்து தரும் கைகளும் கிடைத்தன.

எனவே வீடு கட்ட இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தம் எழுதுமுன் பொறியாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மேற்கு வெயிலை எப்படித் தடுப்பீர்கள்? ஆற்று மணலையும் சிமெண்டையும் எங்கே குறைக்கலாம்? மின்விசிறியின்றிக் காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும்? விடை தெரியாதவர் தேடிக் கற்றுக்கொள்வார், ஏனெனில் கேட்பவர் பணம் தருபவர். இங்குள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் கட்டடக்கலைத் துறையினரையும் அணுகலாம்.

கதைகளில் வரும் திண்ணைக்கும் முற்றத்துக்கும் உருகுகிறவர்கள் நாம். சொந்த மனையில் அவற்றுக்கு நான்கடி இடம் ஒதுக்க மனம் வரவில்லையெனில், அவ்வுருக்கத்துக்கு என்ன பொருள்?