எடின்பரோ கலைவிழாவும் அந்த 31 சதவீதமும்

ஆகஸ்ட் வந்தாலே எடின்பரோ விழா படங்கள் டைம்லைன்ல வரிசையா வரும். லைக் போடறதுக்கு முன்னாடி ஒரு டாக்டரோட புலம்பலையும் கேட்டுட்டுப் போங்க. கொஞ்சம் நீளமான த்ரெட்.

1947. போர் முடிந்து இரண்டே வருஷம். பிரிட்டனில் இன்னும் ரேஷன். (அது முழுசா முடிஞ்சது 1954-லதான்.) அந்த நிலைமையில் ஸ்காட்லாந்தின் தலைநகரம் சர்வதேசக் கலைவிழா தொடங்கியது. நாஜிகளால் விரட்டப்பட்ட இசை நடத்துநர் புரூனோ வால்டர், தன் பழைய வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவோடு மறுபடி சேர்ந்தது அந்த முதல் விழாவில்தான்.

அடுத்த வருஷம், 1948 ஜூலை 5, என்.ஹெச்.எஸ். பிறந்தது. எனக்கு இது ரெண்டும் ஒரே மனசுல இருந்து வந்த மாதிரிதான் தெரியுது.

அதே 1947-ல் எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பே இல்லாம வந்து, தாங்களே இடம் பிடிச்சு நடிச்சாங்க. அதுதான் ஃபிரிஞ்ச். இன்னிக்கு 3,000-க்கும் மேல் நிகழ்ச்சிகள். தேர்வுக் குழுன்னு ஒண்ணு இன்னமும் கிடையாது.

இப்ப மருத்துவம். 2019-ல் பி.எம்.ஜே. இதழில் ஒரு ஆய்வு. இங்கிலாந்தில் 50 வயது தாண்டிய 6,710 பேரை சுமார் 14 வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. சில மாதங்களுக்கு ஒரு தடவையாவது நாடகம், கச்சேரி, அருங்காட்சியகம்னு போனவங்களுக்கு, போகவே போகாதவங்களைவிட இறப்பு அபாயம் 31% குறைவு.

உடனே "கச்சேரி பார்த்தால் ஆயுள் கூடும்"னு ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க! ரெண்டு மணி நேரம் உட்கார உடம்பும் டிக்கெட்டுக்குக் காசும் இருக்கிறவர்தானே போறார்? வசதி, நோய் எல்லாத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு நிக்குது, உண்மைதான். ஆனா இதுதான் காரணம்னு இந்த வகை ஆய்வால நிரூபிக்க முடியாது.

எனக்கு உறுத்தறது வேற. அந்த "போகவே போகாதவங்க" யாரு?

பிரிட்டனில் பயிற்சி டாக்டர்கள் ஆஸ்பத்திரி மாறுவது ஆகஸ்ட் முதல் புதன்கிழமை. நானும் அப்படித்தான் எடின்பரோ போய் இறங்கினேன். அறை கேட்டால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: "செப்டம்பர்ல வாங்க." ஆகஸ்ட் வாடகையைக் கேட்டா என் சம்பளமே அதுக்குப் போயிடும். வெளியூர்ல தங்கி, நைட் டூட்டிக்கு பஸ்ல வந்து போனேன்.

எங்க வார்டில் துப்புரவு வேலை பார்த்த அம்மா அந்த ஊர்லயே பிறந்தவங்க. "இந்த வருஷம் என்ன ஷோ பார்த்தீங்க?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "அது வர்றவங்களுக்கு, டாக்டர்."

2022 ஆகஸ்ட்ல குப்பை அள்ளுபவர்கள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தப்போ, விழா நடக்கும் தெருவெல்லாம் குப்பை மலை. யார் உழைப்பில் அந்த விழா நிக்குதுன்னு ஊரே பார்த்துச்சு.

2025 ஜனவரியில் நகராட்சி ஒரு முடிவெடுத்தது: 2026 ஜூலை 24 முதல், வந்து தங்குபவர்களுக்கு அறை வாடகையில் 5% வரி. நல்ல விஷயம். ஆனா அந்தப் பணம் மேடைக்கும் விளம்பரத்துக்கும் போனால் போதாது. ஒரு பங்கு உள்ளூர்க்காரங்க தங்கும் வீடுகளுக்கும், நைட் ஷிஃப்ட் நர்ஸுக்கும், குப்பை வண்டிக்காரருக்கும், அந்த அம்மாவுக்கும் டிக்கெட்டாவும் போகணும். "விழாவால ஊருக்கு வருமானம்தானே?"ன்னு கேப்பீங்க. வருது. வாடகை கட்டறவங்க கைக்கு எவ்வளவு வருதுங்கறதுதான் என் கேள்வி.

நீங்க யாராவது போறதா இருந்தா, ஃபிரிஞ்ச்ல இலவச ஷோக்களும் நிறைய இருக்கு, தேடிப் பாருங்க. முடிஞ்சதும் வாசலில் பக்கெட் நீட்டுவாங்க. சில்லறை வேண்டாம், நோட்டாவே போடுங்க. அவங்களும் அந்த ஆகஸ்ட் வாடகையைத்தான் கட்டறாங்க.