மணி ஏன் சோறு தின்னவில்லை?



அகரத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறாள்: “எங்கள் மணி சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. என்ன செய்ய?”

இடைவேளையில் முறுக்கு தின்ற பிள்ளை மதியச் சோற்றை மிச்சம் வைக்கும். வகுப்பில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மணிக்கும் நாள் முழுக்க பிஸ்கட் போட்டிருப்பீர்கள்! அதை நிறுத்துங்கள். காலை, மாலை இரு வேளை சோறு. 20 நிமிடத்தில் தின்னாவிட்டால் தட்டை எடுத்துவிடுங்கள். வளர்ந்த நாய்க்குத்தான் இது. குட்டியைப் பட்டினி போடக் கூடாது.

பாவம் பார்த்து நம்மூர் பிரியாணியை வைக்காதீர்கள். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். திராட்சையும் ஆகாது.

விலாவைத் தடவினால் எலும்பு லேசாகத் தட்டுப்படுகிறதா? எடை சரிதான். சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு உடல்வாகே ஒல்லி.

ஆனால் ஒரு நாள் முழுக்க எதையும் தொடாமல் சுருண்டு கிடந்தால், வாந்தி எடுத்தால், காத்திருக்காதீர்கள். பெரியவர்களோடு உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள்.