ஓட்டை விழுந்த மூளைப் படம் வேண்டாம்

போதை விழிப்புணர்வு போஸ்டர்கள்ல மூளை முழுக்க ஓட்டை விழுந்த மாதிரி படம் போடுவாங்க, பார்த்திருப்பீங்க. எனக்கு அந்தப் படம் பிடிக்காது. ஒரு தடவை எடுத்துப் பார்த்த பையன் மறுநாள் எழுந்து வழக்கம்போல காலேஜ் போய்ட்டு வந்துட்டா, "இவங்க சொல்றது எல்லாமே பொய்"னு முடிவு பண்ணிடுவான். அப்புறம் நாம சொல்ற உண்மையும் அவன் காதுல ஏறாது.

2002ல் 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. ஒரே இரவு பார்ட்டியில எடுக்கிற அளவு எக்ஸ்டஸி கொடுத்தாலே குரங்குகளின் டோபமைன் நரம்புகள் கடுமையா சேதமாகுதுன்னு சொன்னாங்க. பெரிய பரபரப்பு. அடுத்த வருஷமே ஆய்வைத் திரும்பப் பெற்றுட்டாங்க. காரணம், பாட்டில் லேபிள் மாறிப்போச்சு! ஏறக்குறைய எல்லாக் குரங்குகளுக்கும் போனது மெத்தாம்பெட்டமைன்.

இதைச் சொல்லிச் சிரிக்கிறவங்க ஒன்றைக் கவனிக்கணும். சேதம் நிஜம். மருந்தின் பெயர்தான் தப்பு.

மெத் என்ன செய்யுது? நரம்பு முனையில டோபமைன் சின்னச் சின்னப் பைகளுக்குள்ள பத்திரமா இருக்கும். மெத் உள்ளே புகுந்து அந்தப் பைகளைக் காலி பண்ணும். செல்லுக்கு வெளியே கொட்டுற டோபமைன்தான் 'கிக்'. செல்லுக்குள்ளேயே சிந்துறது ஆக்ஸிஜனோட வினைபுரிஞ்சு நச்சாகி, நரம்பு முனையையே அரிக்கும். உடம்புச் சூடு ஏறினா சேதம் இன்னும் அதிகம்.

பெரும்பாலும் கருகுறது கிளைதான், மரம் நிற்கும். அதனால மீள வாய்ப்பு உண்டு. ஒரு வருஷத்துக்கு மேல விட்டவங்களை ஸ்கேன் பண்ணினப்போ, குறைஞ்சிருந்த டோபமைன் டிரான்ஸ்போர்ட்டர் அளவு நல்லாவே ஏறியிருந்தது. ஆனா ஞாபகசக்தியும் கைகால் வேகமும் அந்த அளவுக்குத் திரும்பலை. எவ்வளவு சீக்கிரம் விடுறாங்களோ அவ்வளவு நல்லது. ஓட்டைப் படம் பார்க்கிற பையனுக்கு இது தெரியாது. "போனது போச்சு"ன்னு தொடர்ந்து எடுப்பான்.

பெற்றோர்களே, விட்ட முதல் சில வாரங்கள்ல பிள்ளை தூங்கிக்கிட்டே இருப்பான். அகோரப் பசி. எதிலயும் சந்தோஷம் இருக்காது. டோபமைன் வற்றிப்போன மூளை அது. தயவுசெய்து சோம்பேறின்னு திட்டாதீங்க. தற்கொலை எண்ணம் வரக்கூடிய நேரமும் இதுதான், தனியா விடாம மனநல மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எங்கே போறதுன்னு தெரியலைன்னா 14446க்குக் கூப்பிடுங்க, கட்டணம் இல்லை.

எடுத்தவருக்கு உடம்பு கொதிச்சாலோ, நெஞ்சு வலிச்சாலோ, குழப்பமா பேசினாலோ உடனே அவசரப் பிரிவு. என்ன எடுத்தார்னு டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. சிகிச்சையே அதை வச்சுத்தான்.