மணிக்கட்டில் ஒரு நிறம்

வளரிளம் பருவத்தில் ஒருவர் தம்மைப் பற்றி எழுப்பும் முதல் வினா ‘நான் யார்?’ என்பதாகத் தோன்றும். உற்று நோக்கினால், அதற்கு முன்பே வேறொரு வினா அங்கே வந்து அமர்ந்திருப்பதைக் காணலாம். ‘நான் யாரைச் சேர்ந்தவர்?’ என்பதே அது. இவ்வினாவுக்கான விடையை இளையோர் தாமே தேடிக் கண்டடைவது அரிது. பெரும்பாலும் அது அவர்கள் கையில் கொடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் தென்மாவட்டப் பள்ளிகள் சிலவற்றில் அது கையிலேயே கட்டவும் பட்டது.

குழு அடையாளத்தை ஆராய்ந்தோருள் ஹென்றி டாஜ்ஃபெல் குறிப்பிடத்தக்கவர். 1919இல் போலந்தில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், உயர்கல்விக்காகப் பிரான்சு சென்றார். இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஜெர்மானியரிடம் போர்க்கைதியானார். தாம் போலந்து நாட்டு யூதர் என்பது வெளிப்பட்டால் உயிர் எஞ்சாது என்பதை உணர்ந்து, பிரெஞ்சு நாட்டவராகவே முகாமில் காலங்கழித்தார். போர் முடிந்து திரும்பியபோது அவர்தம் குடும்பத்தார் கொல்லப்பட்டிருந்தனர். ஒருவர் எத்தகையவர் என்பதைவிட எக்குழுவினர் என்பதே உயிரைக் காக்கவும் பறிக்கவும் போதுமானது என்பதை அவர் ஏட்டில் படித்து அறியவில்லை.

பின்னாளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பேராசிரியராக இருந்த அவர், பள்ளி மாணவர் 64 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். அவர்கள் 14, 15 வயதினர். முன்பே ஒருவரையொருவர் நன்கு அறிந்தவர்கள். திரையில் தோன்றி மறையும் புள்ளிகளின் எண்ணிக்கையை மதிப்பிடுமாறு அவர்களிடம் கூறப்பட்டது. பின்னர், மிகுத்து மதிப்பிட்டோர், குறைத்து மதிப்பிட்டோர் என இரு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். உண்மையில் அப்பிரிவு மதிப்பீட்டைப் பொறுத்ததன்று. மனம்போன போக்கில் செய்யப்பட்டது. அடுத்து, பெயர் தெரியாத இருவருக்குச் சிறுதொகையைப் பங்கிடுமாறு ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். தமக்கென எதையும் எடுத்துக்கொள்ள இயலாது. பெறுபவர் எக்குழுவினர் என்பது மட்டுமே தெரியும்.

மாணவர் பலர் தம் குழுவினர்க்கே மிகுதியாக அளித்தனர். இதனினும் வியப்பானது வேறொன்று. இரு குழுவினரும் கூடுதலாகப் பெறும் வழி இருந்தும், தம் குழுவுக்குச் சற்றுக் குறைந்தாலும் மற்றக் குழுவைவிட முந்தியிருக்கும் வழியையே அவர்கள் பெரிதும் நாடினர். சில புள்ளிகளை எண்ணியதால் பிறந்ததாகச் சொல்லப்பட்ட ‘நாம்’ என்னும் உணர்வு, ஒரு பொழுதுக்குள் இவ்வளவும் செய்தது. அவர்களுக்கிடையே பகை ஏதும் இல்லை. பழங்கதை ஏதும் இல்லை.

பொருளற்ற பிரிவே இவ்வாறு செயற்படுமாயின், தலைமுறைகளாகப் பெருமிதமும் வடுவும் ஏற்றப்பட்ட சாதி என்னும் பிரிவு இளம் மனத்தில் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கோயிலில் கட்டிய காப்புக் கயிறும் கயிறுதானே எனக் கேட்போர் உண்டு. அக்கயிறு எதிரில் வருபவரை நோக்கிப் பேசுவதில்லை. சாதிக்கொரு நிறமெனக் கட்டப்படும் கயிறோ, ‘யாருடன் அமரலாம், யாரிடம் விலகலாம்’ என்பதை வகுப்பறையில் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது.

மாணவரிடையே சாதி உணர்வால் எழும் வன்முறையைத் தவிர்க்கும் வழிகளை ஆராய, 2023இல் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழுவை அமைத்தது. 2024 ஜூன் மாதத்தில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, வண்ணக் கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. பள்ளிகளின் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்கவும் பரிந்துரைத்தது. இரண்டாவது பரிந்துரை மாணவரை நோக்கியதன்று, பெரியவர்களை நோக்கியது. அதனாலேயே அது கூடுதல் கவனத்துக்குரியது.

1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரோடு சேர்த்து வழங்குவதைக் கைவிடுமாறு தீர்மானம் நிறைவேற்றியது. அங்கே பெரியவர்கள் தம் பெயரிலிருந்தே தொடங்கினர். இன்று தமிழ்நாட்டு வருகைப் பதிவேடுகளில் தலைப்பெழுத்தும் பெயருமே பெரும்பாலும் உள்ளன. பெயரைக் கொண்டு சாதியை அறிவது எளிதன்று. பெயரிலிருந்து உதிர்ந்தது மணிக்கட்டில் வந்து ஏறியதென்றால், அதை அங்கு ஏற்றியது யார்? வீட்டுப் பேச்சும், தெருமுனைப் பதாகையும், விழா ஊர்வலமும் பெரியவர்களின் ஆக்கங்களே. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, கத்தரிக்கோலோடு பள்ளி வாயிலில் நிற்பது பாதிப் பணிதான். அறுக்கப்பட்ட கயிறு மாலையில் வீட்டிலேயே மீண்டும் கட்டப்படக்கூடும்.

சேர்ந்திருக்கும் வேட்கையை இளையோரிடமிருந்து நீக்க இயலாது, நீக்கவும் வேண்டா. ஒருவரே சதுரங்க அணியிலும், நாட்டு நலப்பணித் திட்டத்திலும், நாடகக் குழுவிலும் வெவ்வேறு பேரோடு சேர்ந்திருந்தால் எந்த ஒரு ‘நாம்’ என்பதும் அவரை முழுதாக விழுங்குவதில்லை. கபடிக் களத்தில் பாடிவருபவரை மடக்க, பிடிப்போர் ஒருவர் மணிக்கட்டை மற்றவர் இறுகப் பற்றிச் சங்கிலியாக நிற்பர். பற்றிய கைக்குள் எந்த நிறக் கயிறு இருக்கிறதென எவரும் பார்ப்பதில்லை. ஆட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அதன்பின் அவர்கள் சேர்ந்து நடந்து செல்ல எத்தனை தெருக்கள் இருக்கின்றன என்பது பள்ளியின் கையில் மட்டும் இல்லை.