கையொப்பத்துக்கு முன் கணக்கு: பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு நிதியறிவு வேண்டும்

கல்விச் சீர்திருத்தம் பற்றிய வாதப் பிரதிவாதங்கள் நாட்டில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2025ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்ட சீர்திருத்தத் திட்டத்தில் தொழில்முயற்சியாண்மையும் நிதியறிவும் கனிஷ்ட இடைநிலைப் பிரிவுக்குரிய பாடமாகச் சேர்க்கப்பட்டமை வரவேற்கத்தக்கதாகும். 2026இல் ஆறாம் தரத்தில் ஆரம்பமாகவிருந்த இச்சீர்திருத்தம் பின்னர் 2027ஆம் ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. இவ்வாறு கிடைத்துள்ள கால அவகாசம் வீணாகிவிடக் கூடாது. கொழும்பில் தீட்டப்படும் பாடத்திட்டம் சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டப்புறப் பாடசாலையொன்றை எந்த உருவில் சென்றடையப் போகின்றது என்பதே இன்று நாம் எழுப்ப விரும்பும் வினாவாகும்.

கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கப் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். மாவனல்லையை அண்டிய இம்மலைப் பகுதியில் தேயிலையும் இறப்பரும் வாசனைத் திரவியப் பயிர்களுமே மக்களின் வாழ்வாதாரமாக உள்ளன. சிங்கள மக்கள் பெரும்பான்மையினராக வாழும் இங்கு தோட்டங்களைச் சார்ந்த தமிழ்க் குடும்பங்களும், தல்கஸ்பிட்டிய போன்ற இடங்களில் முஸ்லிம் மக்களும் வாழ்ந்து வருகின்றனர். நாட்கூலி, கொழுந்து விற்ற பணம், சிறு வியாபாரம், கொழும்புக் கடைகளிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் பணம் ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலான குடும்பங்கள் காலத்தை ஓட்டுகின்றன. சிறிய தொகைகளைக் கொண்டு பெரிய குடும்பங்களை நடத்துவதில் இம்மக்களுக்கு எவரும் பாடம் புகட்டத் தேவையில்லை. பெரிய தொகையொன்று கைக்கு வரும்போதும், பெரிய கடனொன்றுக்குக் கையொப்பமிட நேரும்போதுமே சிக்கல் தோன்றுகின்றது.

2016ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி அரநாயக்க சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியதை எவரும் மறந்திருக்க முடியாது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண்சரிவு ஏற்பட்டுத் தொழிலாளர் குடும்பங்களைக் காவு கொண்டது. உயிர் தப்பியோரின் மீள்குடியேற்றத்துக்கெனக் காணிக்கு 4 இலட்சம் ரூபாவும் வீட்டுக்கு 12 இலட்சம் ரூபாவும் வழங்க அரசாங்கம் ஏற்பாடு செய்தது. வாழ்நாளில் ஒருபோதும் ஓர் இலட்சத்தைச் சேர்த்துப் பார்த்திராத குடும்பங்கள், துயரம் ஆறுவதற்கு முன்னரே இலட்சக்கணக்கில் திட்டமிட்டு, கட்டட வேலையின் முன்னேற்றத்துக்கு ஏற்பத் தவணை முறையில் வரும் பணத்தைக் கையாள வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி கேகாலை உட்பட மலைப்பாங்கான மாவட்டங்களை மீண்டும் சீரழித்தது. முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா வரை வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. நிவாரணம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அதனைக் கையாளும் அறிவும் குடும்பத்தில் இருந்தாக வேண்டும்.

மலையக மக்களின் வரலாறே ஒரு கடன் கணக்கிலிருந்து ஆரம்பமானது என்றால் அது மிகையாகாது. தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட தொழிலாளியின் வழிச்செலவும் முற்பணமும் அவரது பெயரிலேயே கடனாக எழுதப்பட்டன. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமாயின் அக்கடனைப் புதிய தோட்டம் பொறுப்பேற்க வேண்டும். அதற்குரிய 'துண்டு' எனும் சீட்டு கங்காணியின் கையில் இருந்தது. அந்தச் சீட்டில் எழுதப்பட்டிருந்த தொகை சரியா பிழையா என்பதைச் சரிபார்க்கும் எழுத்தறிவு தொழிலாளியிடம் இருக்கவில்லை. துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பின்னர் ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று மலையகப் பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றுள்ளனர். ஆயினும் தாம் கையொப்பமிடும் சீட்டிலுள்ள கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

கங்காணியின் இடத்தை இன்று பலர் பிடித்துள்ளனர். வாராந்தம் வாசலுக்கு வரும் நுண்கடன் வசூலிப்பாளர், முச்சக்கர வண்டிக்கு லீசிங் கொடுக்கும் நிறுவனம், மீற்றர் வட்டிக்காரர், நகை அடகு பிடிப்போர், அண்மைக்காலமாகக் கையடக்கத் தொலைபேசியிலேயே சில நிமிடங்களில் கடன் தரும் செயலிகள் எனப் பட்டியல் நீள்கின்றது. நுண்கடன் வலையில் சிக்கிய பெண்களின் அவலம் நாடு தழுவிய பிரச்சினையாக வெடித்ததை அடுத்து, 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைச் செலுத்த முடியாதிருந்த பெண்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. நுண்கடனுக்கான வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 35 என மட்டுப்படுத்தவும் அப்போது நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஆனால் 2016ஆம் ஆண்டின் நுண்நிதியளிப்புச் சட்டமோ வைப்புப் பணம் ஏற்கும் நிறுவனங்களையே பிரதானமாக நெறிப்படுத்தியது. ஏனைய கடன் வழங்குநர்களிடமிருந்து சட்டம் காப்பாற்றும் என்று காத்திருப்போருக்கு, காகிதத்தைப் படித்துப் பார்க்கும் அறிவே முதற் காவலாகும்.

இதற்குத் தேவையான கணிதம் நமது பாடநூலில் இல்லாமலில்லை. தவணைக் கொடுப்பனவு, குறைந்து செல்லும் கடன் மீதிக்கான வட்டி, கூட்டு வட்டி, பங்குகள் ஆகிய யாவும் க.பொ.த. சாதாரண தரக் கணிதத்தில் கற்பிக்கப்படுகின்றன. மாத அலகுகளைக் கூட்டி வட்டி வீதம் காணும் முறையையும் மாணவர்கள் பயிலுகின்றனர். பரீட்சைக்குப் பின்னர் அக்கணக்கு மறக்கப்படுகின்றது. வீட்டுக்கு வரும் கடன் பத்திரத்தையும் வகுப்பறையில் செய்த கணக்கையும் எவரும் அவர்களுக்கு இணைத்துக் காட்டுவதில்லை.

உதாரணமொன்றைப் பார்ப்போம். ஒரு தாய் ஓர் இலட்சம் ரூபா கடன் பெறுகின்றார். வட்டி 'நூற்றுக்கு 24' என்று கூறப்படுகின்றது. ஓராண்டுக்கு 24,000 ரூபா வட்டியை முதலுடன் கூட்டி, 12 மாதங்களாகப் பிரித்து, மாதமொன்றுக்கு 10,333 ரூபா வீதம் அறவிடுகின்றனர். கேட்பதற்கு நியாயமான கணக்குப் போலவே தோன்றும். ஆனால் அவர் ஆண்டு முழுவதும் ஓர் இலட்சம் ரூபாவை வைத்திருக்கவில்லை. மாதந்தோறும் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகின்றார். பாடநூல் கற்பிக்கும் முறையில் 12 மாதங்களுக்குரிய மாத அலகுகள் 78 ஆகும். அதன்படி கணித்தால் உண்மையான வட்டி வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 44 என வரும். அதே 24 வீதத்தைக் குறைந்து செல்லும் மீதிக்குக் கணித்திருந்தால் அவர் செலுத்த வேண்டிய வட்டி 13,000 ரூபா மாத்திரமே. எஞ்சிய 11,000 ரூபா, கேட்கப்படாத ஒரு கேள்வியின் விலையாகும். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் வரவுக் கொடுப்பனவையும் சேர்த்து அதனை 1,750 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தது. அந்தக் கூடிய தொகையின்படி பார்த்தாலும், மலையேறிக் கொழுந்து பறித்த ஆறு நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பு அந்த ஒரு கேள்வியில் அடங்கியுள்ளது. 'வட்டி முழுத் தொகைக்கா, குறைந்து வரும் மீதிக்கா?' என்று பதினாறு வயதுப் பிள்ளை தாயின் பக்கத்தில் நின்று கேட்குமாயின் அதுவே நிதிக் கல்வியின் பெரும் வெற்றியாகும்.

பதினாறு வயது என நாம் குறிப்பிடுவது காரணத்துடனேயே ஆகும். கட்டாயக் கல்வி அவ்வயதுடன் முடிவடைகின்றது. சாதாரண தரத்துடன் பாடசாலையை விட்டு விலகி நகரத்துக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்லும் தோட்டப்புறப் பிள்ளைகள் பலர். உயர்தர வர்த்தகப் பிரிவில் மட்டும் இவ்வறிவை வைத்திருப்பதால் அவர்களுக்குப் பயனில்லை. சாதாரண தரத்தில் வணிகக் கல்வியும் கணக்கீடும் தெரிவுப் பாடமாகவே உள்ளது. எனவே பத்தாம், பதினோராம் தரங்களில் எல்லா மாணவரையும் இது எட்ட வேண்டும்.

முதல் வேலைக்குச் செல்லும் பிள்ளை முதலில் அறிய வேண்டியது தனது சம்பளச் சீட்டையே. 30,000 ரூபா சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதியத்துக்கு அவரது பங்கு நூற்றுக்கு 8, அதாவது 2,400 ரூபா. முதலாளியின் பங்கு நூற்றுக்கு 12, அதாவது 3,600 ரூபா. இதற்கு மேலதிகமாக ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி நூற்றுக்கு 3 செலுத்த வேண்டும். இவை சட்டம் அளித்த உரிமைகள். 'சேமலாப நிதி வேண்டாம், கையில் கூடுதலாகத் தருகின்றேன்' என்று கடை முதலாளி கூறும்போது, தான் எதை இழக்கின்றேன் என்பதைக் கணிக்கத் தெரியாத இளைஞர் அதனைச் சலுகை என்றே எண்ணுவார். அவரது தாயும் தந்தையும் தோட்டத்தில் பெறும் தீபாவளி முற்பணமும் பின்னர் சம்பளத்தில் மாதந்தோறும் கழிக்கப்படும் கடனே என்பதையும் அதே சீட்டைக் கொண்டு விளக்கலாம்.

அடுத்ததாக, சேமிப்பு எங்கே பாதுகாப்பானது என்பது. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புக்களுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதம் உண்டு. உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புக்கு ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உள்ளது. இலங்கை மத்திய வங்கியின் உரிமம் இல்லாதவரிடம் பணத்தைக் கொடுத்தவருக்கு இவை எதுவுமில்லை. 2008இல் கோல்டன் கீ கடனட்டை நிறுவனம் வீழ்ந்தபோது படித்தவர்களும் வசதி படைத்தவர்களும் கூடத் தமது சேமிப்பை இழந்து தவித்தனர். வங்கிச் சட்டத்தின் கீழ் பிரமிட் திட்டங்கள் தடை செய்யப்பட்டிருந்தும், 2023இல் எம்.ரி.எவ்.ஈ என்ற தொலைபேசிச் செயலி பல நாடுகளில் சரிந்து வீழ்ந்தபோது நம் நாட்டு இளைஞர்களும் ஏமாந்தனர். நண்பனைச் சேர்த்தால் பணம் வரும் என்று அழைப்பவர் பெரும்பாலும் உறவினராகவோ அயலவராகவோ இருப்பதால், 'இல்லை' என்று கூறும் துணிவையும் இப்பாடமே கொடுத்தாக வேண்டும்.

முஸ்லிம் மாணவர்களைப் பொறுத்தவரை இன்னொரு விடயமும் கவனத்திற்குரியது. வட்டியைத் தவிர்ப்பது அவர்களது மார்க்கக் கடமையாகும். வட்டியை இயல்பானதெனக் கொண்டு எழுதப்படும் பாடநூல் அவர்களது வீட்டு நடைமுறையிலிருந்து விலகி நிற்கும். 2011 முதல் அமானா வங்கி இந்நாட்டில் முழுமையாக இஸ்லாமிய முறையில் இயங்கி வருகின்றது. இலாபப் பகிர்வு, கொள்விலையுடன் இலாபத்தை வெளிப்படையாகச் சேர்த்து விற்றல், ஸகாத்தின் நூற்றுக்கு இரண்டரைக் கணிப்பு ஆகியனவும் பாடத்தில் இடம்பெற வேண்டும். இவற்றைத் தமிழ், சிங்கள மாணவரும் அறிந்துகொள்வதால் அயலவரைப் பற்றிய புரிந்துணர்வு வளரும். வட்டியில்லாத ஒப்பந்தமாயினும் தவணை தவறினால் என்ன நிகழும், மொத்தமாகச் செலுத்துவது எவ்வளவு என்ற கேள்விகளைக் கேட்டேயாக வேண்டும் என்பதும் அங்கு கற்பிக்கப்படல் வேண்டும்.

மொழிப் பிரச்சினையை ஒதுக்கிவிட்டு இதைப் பேசவியலாது. கேகாலை மாவட்டத்தில் தமிழ் பேசும் மக்கள் சிறுபான்மையினர். அவர்கள் முன் நீட்டப்படும் படிவங்கள் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ளன. வாடிக்கையாளர் விரும்பும் மொழியில் ஒப்பந்தத்தை வழங்க வேண்டும் என்பதை மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டு நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வலியுறுத்துகின்றன. அவ்வுரிமையை அறிந்து, 'தமிழில் தாருங்கள்' என்று பணிவுடனும் உறுதியுடனும் கேட்கப் பழக்குவதும் நிதிக் கல்வியே ஆகும்.

இங்கு ஒரு மறுப்புரையையும் நாம் கருத்திற்கொள்ள வேண்டும். வருமானமே போதாதவருக்கு வரவு செலவுத் திட்டம் எதற்கு என்று சிலர் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் உண்டு. மலையகத்தின் வறுமைக்கு அம்மக்களின் அறியாமையே காரணம் என்று கூறி, சம்பளம், காணி, வீடு ஆகிய கோரிக்கைகளிலிருந்து தப்பித்துக்கொள்ள எவரும் நிதியறிவைச் சாக்காக்கக் கூடாது. ஆனால் குறைந்த வருமானத்தில் வாழ்பவருக்கே ஒரு தவறான கையொப்பம் தாங்கவியலாத அடியாகின்றது. செல்வந்தர் 11,000 ரூபாவை இழந்தால் மறந்துவிடுவார். தோட்டத்து வீட்டில் அது ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திவிடக் கூடும். கூலி உயர்வுக்கான போராட்டமும், உயர்ந்த கூலி வட்டியில் கரையாமல் காக்கும் அறிவும் ஒருங்கே தேவை.

இதனை யார் கற்பிப்பது? வங்கிகள் உண்டியலுடனும் பரிசுகளுடனும் பாடசாலைகளுக்கு வருகின்றன. சேமிப்புப் பழக்கத்தை வளர்ப்பதில் அவற்றின் பங்கை மறுப்பதற்கில்லை. எனினும் கடனை விற்பவரே கடன் பற்றிய பாடத்தையும் நடத்துவது பொருத்தமானதல்ல. மத்திய வங்கி 2024 முதல் 2028 வரையான நிதியறிவுக்கான வழிகாட்டித் திட்டமொன்றை வெளியிட்டுள்ளது. அது தமிழ்மொழி மூலப் பாடசாலைகளுக்கு வந்து சேர வேண்டுமாயின், சப்ரகமுவ மாகாணக் கல்வித் திணைக்களம் தமிழ்மொழி மூலக் கணித ஆசிரியர்களுக்குச் சில நாட் பயிற்சியேனும் அளிக்க வேண்டும். இங்கிலாந்தில் 2014 முதல் குடியியற் பாடத்தின் ஒரு பகுதியாகவே பணம் பற்றிய கல்வி புகட்டப்படுகின்றது. நமக்கும் புதிய கட்டடமோ புதிய ஆசிரியர் அணியோ வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெயர்களும் இலக்கங்களும் நீக்கப்பட்ட ஒரு சம்பளச் சீட்டு, ஓர் அடகுச் சீட்டு, ஒரு லீசிங் ஒப்பந்தம், ஒரு நுண்கடன் அட்டை ஆகிய நான்கையும் தமிழில் அச்சிட்டு, பதினோராம் தர மாணவர் ஒவ்வொருவரின் கையிலும் கொடுத்து, பாடநூலில் உள்ள அதே கணக்கை அவற்றின் மீது செய்ய வைப்பதற்குப் பெருஞ் செலவு ஏற்படப் போவதில்லை.

புதிய பாடம் ஆறாம் தரத்தில் ஆரம்பித்துப் பதினோராம் தரத்தை எட்டுவதற்கு இன்னும் ஆண்டுகள் பல செல்லும். இன்று பத்தாம் தரத்தில் பயிலும் அரநாயக்க மாணவர் அதற்கு முன்னரே பாடசாலையை விட்டு வெளியேறிவிடுவார். அவருக்காகவும் கல்வி அதிகாரிகள், அதிபர்கள், ஆசிரியர் சங்கங்கள், தோட்டத் தொழிற்சங்கங்கள், பள்ளிவாசல் நிருவாகங்கள் யாவரும் இந்த ஆண்டிலேயே செயலில் இறங்க வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம்.