நகையை அடகு வைக்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள்!

பெற்ற பிள்ளைக்கு ஒன்று என்றால் எந்தத் தாய்தான் கணக்குப் பார்ப்பாள்? அந்த மனசை வைத்துத்தான் இன்று ஒரு வியாபாரம் நடக்கிறது. மூளை முடக்குவாதம், ஆட்டிசம், தண்டுவடக் காயம் என்று எந்த நரம்புக் கோளாறைச் சொன்னாலும், "ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்று சில இடங்களில் லட்சக்கணக்கில் பணம் கேட்கிறார்கள்.

எங்கள் தெருவில் மூளை முடக்குவாதத்தால் நடக்க முடியாத ஒரு சிறுவன் இருக்கிறான். விளம்பரத்தைப் பார்த்த பாட்டி, "நகை நாளைக்கு வாங்கிக்கலாம். பெத்தவளுக்கே அக்கறை இல்லேன்னா எப்படி?" என்று மருமகளைக் குத்திக் காட்டுகிறார். "ஊசி போடாம விட்டா நான் பாவியாக்கா?" என்று அந்தப் பெண் என்னிடம் அழுதாள். அவளைப் போன்ற சகோதரிகளுக்காகவே இந்தக் கடிதம்.

ஸ்டெம் செல் என்பதே பொய் என்று நான் சொல்லவில்லை. ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நிரூபிக்கப்பட்ட ஒன்று. ஆனால் ரத்தத்தை உண்டாக்கும் அணு, மூளைக்குப் போய் நரம்பாக மாறிப் பழுதைச் சரிசெய்யும் என்பது நிரூபணமாகவில்லை. அதனால்தான், அங்கீகரித்த சில நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் செய்வது முறைகேடு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் சொல்கின்றன. ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் கூறிவிட்டது.

"போட்டால் என்ன நஷ்டம்?" என்பவர்களுக்கு ஒரு விஷயம். பிறவி நரம்பு நோயுள்ள ஓர் இஸ்ரேலியச் சிறுவனுக்கு 2001 முதல் மாஸ்கோவில், கருக்களிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைச் செலுத்தினார்கள். நாலே வருஷத்தில் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள்! அந்தக் கட்டி வெளியிலிருந்து செலுத்திய அணுக்களிலிருந்து வளர்ந்தது என்பது 2009-ல் மருத்துவ இதழில் வெளியானது. "நாங்கள் குழந்தையின் சொந்த மஜ்ஜையைத்தானே எடுக்கிறோம்" என்பார்கள். மயக்க மருந்து, இடுப்பெலும்பில் துளை, முதுகில் ஊசி... பச்சைப் பிள்ளைக்கு இதெல்லாம் சாதாரணமா?

உண்மையான ஆராய்ச்சி எப்படி நடக்கும் தெரியுமா? ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் பார்க்கின்சன் நோயாளிகள் 7 பேருக்கு மட்டும் செய்து, 2 வருஷம் கண்காணித்து, 2025-ல் தான் முடிவை வெளியிட்டார்கள். அங்கே அத்தனை நிதானம். இங்கே "அடுத்த வாரமே வாங்க" என்கிறார்கள்!

ஆகவே சகோதரிகளே, இந்த நாலு கேள்விகளையும் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒன்று, இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? இரண்டு, ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் சி.டி.ஆர்.ஐ. எண் என்ன? மூன்று, ஆராய்ச்சி என்றால் எங்களிடம் ஏன் பணம்? நான்கு, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினாலே எழுந்து வந்துவிடுங்கள்.

"அப்போ சும்மா இருக்கணுமா?" என்றால், இல்லவே இல்லை. இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி இவற்றை விடாமல் செய்வதுதான் பிள்ளைக்குப் பலன் தரும். அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் விசாரியுங்கள். நகையை விற்றே ஆகவேண்டும் என்றால், அந்தப் பணம் வருஷக்கணக்கான பயிற்சிக்கும், நல்ல சக்கர நாற்காலிக்கும் போகட்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. யோசித்து "வேண்டாம்" என்று சொல்லும் தாய்க்குப் பாசம் குறைவு என்று நினைக்காதீர்கள். பயிற்சிக்குப் பிள்ளையைத் தூக்கிச் செல்ல ஒரு கை கொடுங்கள். அது போதும் அவளுக்கு.

- ஒரு வாசகி, தேனி.