கோழிக்குஞ்சு இரவில் ஏன் கத்துகிறது?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மிதிவண்டியின் பின்னால் வலை மூடிய அகன்ற கூடை ஒன்று. அதற்குள் பச்சை, ஊதா, ரோஜா நிறம் என்று சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பள்ளி விடும் நேரம், திருவிழா, வாரச்சந்தை என்று எங்கே பிள்ளைகள் கூடுகிறார்களோ அங்கே இந்தக் கூடையும் வந்துவிடும். ஊர்ப்புறத்தில் பழைய பிளாஸ்டிக் குடத்துக்கு மாற்றாகக்கூட இவற்றைக் கொடுப்பதுண்டு. வாங்கிய பிள்ளை குஞ்சை வீட்டுக்குள் கொண்டுபோய் ஒரு செருப்புப் பெட்டியில் விட்டு, பிடி அரிசியும் போடுகிறது. முதல் இரவு முழுவதும் ஓயாத கத்தல். மறுநாள் கையில் ஏறி உட்காருகிறது. அறைக்கு அறை பின்னாலேயே ஓடி வருகிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காலையில் பெட்டியைத் திறந்தால் விறைத்துக் கிடக்கிறது. “கலர் குஞ்சு அப்படித்தான், தங்காது” என்று வீட்டிலுள்ளோர் சொல்லி முடித்துவிடுவர்.

இப்படிச் சொல்லி முடித்துவிடுவதை நான் ஏற்கவில்லை. அக்குஞ்சு இறப்பதற்குத் திட்டவட்டமான காரணங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஒன்பதாம் வகுப்பு இயற்பியலுக்கும் உயிரியலுக்கும் எட்டக்கூடியவையே.

முதலில், இக்குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன? முட்டைக்காகவே வளர்க்கப்படும் இனங்களில் பெட்டைக்குத்தான் மதிப்பு. சேவல் முட்டை இடாது. இறைச்சிக்கான இனத்தைப்போல் விரைந்து எடை போடவும் செய்யாது. ஒரு நாள் குஞ்சின் பின்புறத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று பிரித்தறியும் முறையை 1920களில் மசுயி முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதன்பின், பொரித்த அன்றே ஆண் குஞ்சுகளைக் கழித்துக்கட்டுவது உலகெங்கும் பொரிப்பகங்களின் வழக்கமாயிற்று. ஜெர்மனி 2022 சனவரி முதல் இதைச் சட்டத்தால் தடை செய்தது. நம் நாட்டில் இப்படிக் கழிக்கப்படும் குஞ்சுகளில் ஒரு பகுதிதான் சாயம் பூசப்பட்டுத் தெருவுக்கு வருகிறது. ஆகவே, “பெரிதானால் முட்டை இடும்” என்று விற்பவர் சொன்னால் அதை நம்பாதீர்கள். உங்கள் கையில் இருப்பது அநேகமாகச் சேவல்.

குஞ்சு கூடையில் இருந்தவரை நன்றாகத்தானே இருந்தது, வீட்டுக்கு வந்ததும் ஏன் சாகிறது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். முட்டையிலிருந்து வெளிவரும் முன்னர், மீந்த மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுச்சோறு ஏறத்தாழ மூன்று நாளுக்குத் தாங்கும். தீனியும் தண்ணீரும் இன்றிக் குஞ்சுகளை நெடுந்தொலைவு கொண்டுபோக முடிவது இதனாலேயே. கூடையில் நூறு குஞ்சுகள் ஒன்றையொன்று சூடேற்றியும் வந்தன. உங்கள் வீட்டுப் பெட்டியிலோ ஒன்றே ஒன்று. அது வந்து சேர்ந்த மறுநாளே கட்டுச்சோறும் தீர்ந்துபோகிறது.

வெப்பம்தான் இங்கே உயிர்நிலை. வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியசுக்கும் மேல். நம்முடையதைவிட நான்கு டிகிரி கூடுதல். ஒரு நாள் குஞ்சின் எடையோ சுமார் 40 கிராம். உடல் சிறுக்கச் சிறுக்க, எடையை நோக்கப் பரப்பு மிகுகிறது. அண்டாவிலுள்ள வெந்நீரைவிட டம்ளரில் ஊற்றிய வெந்நீர் விரைவில் ஆறுகிறதல்லவா, அதே கணக்குத்தான். போதாக்குறைக்கு, குஞ்சின் மேல் இருப்பது இறகன்று, வெறும் தூவி. சாயத்தில் நனைந்த தூவி வெப்பத்தைக் காக்கவே காக்காது. தன் உடல் வெப்பத்தைத் தானே நிலைநிறுத்தும் திறன் குஞ்சுக்கு வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதுவரை அந்த வேலையைத் தாய்க்கோழி தன் வயிற்றடியில் வைத்துச் செய்கிறது. தாய் இல்லாவிட்டால் முதல் வாரத்தில் குஞ்சைச் சுற்றி 35 டிகிரி அளவுக்கு வெப்பம் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்குச் சுமார் மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டு வரலாம்.

விழுப்புரத்துச் சித்திரை வெயிலில் இது பெரிய சிக்கலன்று. பகலில் அறையே அவ்வளவு சூடாக இருக்கும். மார்கழி இரவில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போதுதான் ஆபத்து. எக்காலமானாலும் ஆபத்தாவது ஒன்று உண்டு; அது மின்விசிறி. செல்லமாகக் கட்டிலருகே பெட்டியை வைத்து, விசிறியைச் சுழலவிட்டு உறங்குகிறார்கள். குஞ்சு உறங்குவதில்லை.

அதன் கத்தலைச் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். குஞ்சுக்கு இருவகைக் குரல் உண்டு. சூடும் துணையும் கிடைத்து நிறைவாக இருக்கும்போது மெல்லிய, தணிந்த கிசுகிசுப்பு. குளிரும்போதும், பசிக்கும்போதும், தனித்துவிடப்படும்போதும் உரத்த ‘கீச், கீச்’. ஒவ்வொரு கீச்சும் மேலிருந்து கீழ்நோக்கி இறங்கும். தோட்டத்தில் வழி தவறிய குஞ்சு இப்படிக் கத்தினால் தாய்க்கோழி ஓடி வரும். உங்கள் பெட்டிக்குள்ளிருந்து வருவது இந்த இரண்டாம் குரல். “என்னைத் தேடி அழுகிறது” என்று பிள்ளைகள் பெருமையோடு சொல்கின்றனர். உண்மையில் அது ஒரு கணப்பைத் தேடி அழுகிறது.

பின்னாலேயே ஓடி வருகிறதே, அது அன்பில்லையா? டக்ளஸ் ஸ்பால்டிங் என்னும் ஆங்கிலேயர் 1873இல் இதைப் பற்றி எழுதினார். பொரித்தவுடன் குஞ்சுகளின் தலையில் சிறு முகமூடி மாட்டி, வெவ்வேறு நாட்களில் அதை அவிழ்த்துப் பார்த்தார் அவர். ஓரிரு நாளில் கண் திறக்கப்பெற்றவை, எதிரே அசைந்த எதையும் தாயெனப் பின்தொடர்ந்தன. ஏறக்குறைய நான்கு நாள் மூடியிருந்தவையோ மனிதனைக் கண்டு அஞ்சி ஓடின. பின்னாளில் கொன்ராட் லோரன்ஸ் வாத்துக் குஞ்சுகளிடம் இதையே விரிவாக ஆராய்ந்தார். 1973இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். பிறந்த சில நாட்களுக்குள் கண்ணில் படும் அசையும் உருவம் தாயாகப் பதிந்துவிடுகிறது. ஆகவே அந்தப் பற்று பொய்யன்று. ஆனால் அது தாயின்மேல் வைத்த பற்று. தாய் செய்யும் வேலையை நீங்கள் செய்யாதபோது, அந்தப் பற்றினால் குஞ்சுக்கு யாதொரு பயனுமில்லை.

இப்போதே ஒரு குஞ்சு உங்கள் வீட்டில் கத்திக்கொண்டிருந்தால் என்ன செய்வது? பெட்டியின் ஒரு பக்கமாக, குஞ்சுக்கு எட்டாத உயரத்தில், 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கம்பிவலைக்குள் தொங்கவிடுங்கள். குண்டு பல்புதான் வேண்டும். இப்போது எல்லா வீட்டிலும் இருக்கும் எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தரும், சூடு தராது. குஞ்சு விளக்கின் அடியிலேயே ஒடுங்கிக்கொண்டால் சூடு போதவில்லை. வாயைப் பிளந்துகொண்டு மறுமூலைக்குப் போனால் மிகுதி. வெப்பமானியைவிடக் குஞ்சு சரியாகச் சொல்லும். தரையில் செய்தித்தாள் விரிக்க வேண்டாம். அதன் வழுவழுப்பில் பிஞ்சுக் கால்கள் அகன்று கோணிப்போகும். நெல் விளையும் ஊரில் உமிக்கா பஞ்சம்? இரண்டு விரற்கடைக்குப் பரப்புங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் போட்டு வையுங்கள். குஞ்சு மூழ்காது, நனையாது. இன்னொரு குஞ்சு துணைக்கு இருந்தால் மிக நன்று. அக்கம்பக்கத்தில் அடைக்கோழி குஞ்சு பொரித்து ஓரிரு நாள்தான் ஆகியிருக்கிறதென்றால், வீட்டாரைக் கேட்டுக்கொண்டு இரவில் ஓசைப்படாமல் அதன் அடியில் விட்டுப் பார்க்கலாம். பல கோழிகள் ஏற்றுக்கொள்ளும். நாள் கடந்தால் கொத்தித் துரத்திவிடும்.

தீனியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளை அரிசியை மட்டும் போட்டுக் குஞ்சை வளர்க்க முடியாது. இதைக் கண்டுபிடித்ததே மருத்துவ வரலாற்றில் பெரிய கதை. 1890ஆம் ஆண்டை ஒட்டி, ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் எய்க்மன் வைத்திருந்த ஆய்வகக் கோழிகள் கால் தளர்ந்து தள்ளாடின. இராணுவ மருத்துவமனையில் மீந்த, தீட்டிய அரிசிச் சோற்றை அவை தின்றுவந்திருந்தன. புதிதாக வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுக்கவே, தீட்டாத அரிசிக்கு மாறிய அவை தேறிவிட்டன. தவிட்டோடு போய்விட்ட பொருள் பி1 உயிர்ச்சத்து என்று பின்னர் தெரிந்தது. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனமே நல்லது. திண்டிவனத்து மாணவர்கள் வீட்டில் மல்லாட்டைக்கும் பிண்ணாக்குக்கும் குறைவிராது. பூசணம் பிடித்ததை மட்டும் கோழிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. காரணம், பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஊறியிருந்த அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு.

இவ்வளவும் செய்து குஞ்சு பிழைத்துவிட்டது என்று கொள்வோம். அதை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கலாமா? வேண்டாம் என்பதே என் கருத்து. கோழி அழுக்கானது என்பதற்காகச் சொல்லவில்லை. வீட்டுக்குள் கோழி வாழத் தேவையானது இல்லை.

வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கோழி தனக்கு வேண்டிய டி உயிர்ச்சத்தை வெயில் படும் தோலில், குறிப்பாக இறகு மூடாத கால்களில், தானே ஆக்கிக்கொள்கிறது. அதற்கு வேண்டிய புறஊதாக் கதிரைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும். டி உயிர்ச்சத்தைத் தீவனத்தில் சேர்க்க 1920களில் கற்றுக்கொண்ட பிறகுதான் கோழியை ஆண்டு முழுவதும் கூரைக்கடியில் அடைத்து வளர்ப்பது மனிதனுக்குக் கைகூடியது. அதற்கு முன் அடைபட்டவை கால் வளைந்து வீழ்ந்தன. அடுத்தது புழுதி. கோழி குப்பையில் புரள்வது அதன் குளியல். இறகில் பழகிப்போன எண்ணெய்ப் பசையும் பேனும் அதனால் நீங்குகின்றன. வெறுந்தரையில் அடைத்த கோழியும் இந்தக் குளியலைக் கைவிடுவதில்லை. மண்ணே இல்லாத இடத்தில் மண்ணை வாரித் தன்மேல் போட்டுக்கொள்வதுபோல் சிறகை அடித்துப் புரள்கிறது! மொசைக் தரையில் கோழி இவ்வாறு செய்வதைக் கண்டு “விளையாடுகிறது” என்று சிரிக்கிறோம்.

துணையும் வேண்டும். கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு ஷெல்டெரப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதி, 1921இல் இதை ஆய்வுரையாக அளித்தார். உங்கள் வயதில் தொடங்கக்கூடிய ஆராய்ச்சிதான். ஆனால் ஒற்றைக் கோழியை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. தனியே வளர்ந்த சேவல் மனிதர்களையே தன் இனமாகக் கொண்டு, வீட்டுக்கு வருவோர் காலில் பாய்வதும் உண்டு.

நம் பக்கத்தையும் பார்க்க வேண்டுமல்லவா? கோழிக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. நாய்க்குப் பழக்குவதுபோல் இடம் பழக்க இயலாது. அமெரிக்காவில் வீட்டுக்குள் கோழி வளர்ப்போர் அதற்குத் துணிக் கச்சை கட்டிவிடுகிறார்கள். அதைத் தைத்து விற்பதே ஒரு தொழிலாக இருக்கிறது! எச்சத்தில் சால்மொனெல்லா நுண்ணுயிர் இருக்கலாம். கோழி நோயின்றித் தோன்றினாலும் இருக்கலாம். எனவே கோழியை முகத்தோடு அணைப்பது, முத்தமிடுவது, சமையலறையில் விடுவது ஆகியவை கூடா. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கையர் தொடாமலிருப்பதே நல்லது.

நம் ஊர்ப்புறத்து வழக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது. பகலெல்லாம் கோழி தோட்டத்தில் மேயும். பொழுது சாய்ந்தால் திண்ணையிலோ உள்நடையிலோ கூடையில் கவிழ்த்துவிடுவார்கள். கீரிக்கும் பூனைக்கும் பயமில்லை. வீடு கோழிக்கு இரவுத் தங்கல், அவ்வளவே. மழை வெள்ளத்தில் உள்ளே கொண்டுவருவதிலும் தவறில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அப்படிப்பட்ட இரவில் குஞ்சுகளை வெளியே விடச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

தோட்டமோ கொல்லையோ சிறு முற்றமோ இருந்தால், இரண்டு மூன்று நாட்டுக்கோழிக் குஞ்சுகளாக வாங்கி வளருங்கள் என்பேன். முதல் வாரத்திலேயே அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான சொட்டு மருந்து போட்டுவிடுங்கள். ராணிக்கேத் என்றும் பெயர் பெற்ற அந்நோய் வந்தால் கூட்டமே போய்விடும். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் கூடைக்காரரைக் கண்டால் பார்த்துவிட்டு நடந்துவிடுங்கள். ஒரு குஞ்சை வாங்கிக் காப்பாற்றுவதாக எண்ணுவது இயல்பே. நாம் வாங்குவதால்தான் அடுத்த வாரமும் கூடை வருகிறது.

அப்படியும் வாங்கத்தான் வேண்டுமென்றால், காசை எடுக்கும் முன் வீட்டில் ஒன்றைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஐந்தாம் மாதம் விடியற்காலை நான்கு மணிக்கு அந்தச் சேவல் கூவத் தொடங்கும். ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை உயிர் வாழவும் கூடும். அதுவரை அது எங்கே இருக்கும், அல்லது எப்போது குழம்புக்குப் போகும், அதை யார் முடிவு செய்வது?